பிசியோ ஆக ஆசைப்படும் பிள்ளைக்கு: கினிசியோலொஜியா, லைஃப் சயன்ஸா, தாதியியலா, வேறு வழியா?

ஒன்ராறியோவில் கிரேட் 12 பிள்ளை இருக்கிற வீடுகளுக்கு ஜனவரி நடுப்பகுதி ஒரு கெடு. பல்கலைக்கழக விண்ணப்பம் அதற்குள் போய்விட வேண்டும். எஞ்சினியரிங் வேண்டாம், கணக்கியல் பிடிக்காது, “மெடிக்கல் பக்கம் ஏதாவது” என்று சொல்கிற பிள்ளைக்குக் கொஞ்சம் விளையாட்டிலும் ஆர்வம் இருந்தால், விண்ணப்பத்தில் கினிசியோலொஜி ஏறிவிடும். அது என்ன படிப்பென்று பெற்றோருக்குச் சரியாகத் தெரிவதில்லை. “பிசியோதெரபிக்குப் போற படிப்பு அம்மா” என்று பிள்ளை சொன்னால், சரி என்று விட்டுவிடுகிறார்கள்.

அந்தப் பதில் பாதிதான் உண்மை. கனடாவில் இளங்கலைப் பட்டத்தோடு யாரும் பிசியோதெரபிஸ்ட் ஆகிவிட முடியாது. முதலில் ஒரு நாலு வருடப் பட்டம், பிறகு போட்டியில் இடம் பிடித்து ஏறத்தாழ இரண்டு வருட முதுகலை, அதற்குப் பிறகுதான் உரிமப் பரீட்சை. அந்த முதல் நாலு வருடம் கினிசியோலொஜியாக இருக்க வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. உயிரியல் படித்தவர், உளவியல் படித்தவர், கேட்கிற பாடங்களை எடுத்திருந்தால் இசை படித்தவர்கூட விண்ணப்பிக்கலாம்.

ஒன்ராறியோவில் பிசியோ முதுகலை இருப்பது ஐந்து இடங்களில்: ரொறன்ரோ, மக்மாஸ்டர், குயின்ஸ், வெஸ்டேர்ன், ஒட்டாவா. ஒட்டாவாவுக்குப் பிரெஞ்சு வேண்டும் என்பதால் எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு மிச்சம் நாலு. கினிசியோலொஜி இளங்கலை இருக்கிற பல்கலைக்கழகங்களோ இந்த மாகாணத்தில் ஒரு டசினுக்கு மேல். ஒவ்வொரு வசந்தத்திலும் வெளியே வருகிற பட்டதாரிகளில் எத்தனை பேர் அந்த நாலு கதவுக்குள் நுழைய முடியும் என்று கணக்குப் போடப் பெரிய கணித அறிவு தேவையில்லை.

அதனால் இந்தத் தெரிவுகளை ஒப்பிட நான் வைத்திருக்கிற அளவுகோல், “எது பிசியோவுக்குக் கிட்ட கொண்டுபோகும்” என்பது அல்ல. பிசியோவில் இடம் கிடைக்காத வருடத்தில் கையில் இருக்கிற பட்டத்தை வைத்து என்ன செய்யலாம் என்பதுதான்.

கின் வகுப்புக்குள் என்ன நடக்கிறது

பிள்ளைகள் சுருக்கமாக “கின்” என்றுதான் சொல்வார்கள். மனித உடல் எப்படி அசைகிறது, ஏன் களைக்கிறது, எப்படிப் பழுதாகிறது, எப்படித் திருந்துகிறது என்பதே படிப்பு. அனட்டமி, உடற்றொழிலியல், உடற்பயிற்சி உடற்றொழிலியல், பயோமெக்கானிக்ஸ், மூளை அசைவைக் கட்டுப்படுத்துகிற விதம், விளையாட்டு உளவியல், புள்ளிவிவரவியல். இதோடு விளையாட்டின் சமூகவியல், வரலாறு என்று ஒரு பக்கமும் உண்டு. விஞ்ஞானம் மட்டும் எதிர்பார்த்து வருகிற பிள்ளைகள் கட்டுரை எழுத வேண்டி வரும்போது முகம் சுளிப்பது அங்கேதான்.

“ஜிம் மாஸ்டர் படிப்பு” என்று கேலி செய்கிற மாமாக்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை ஒரு பெல்ரிங்கர் பரீட்சைக்குக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். ஆய்வுகூடத்தில் மேசை மேசையாக எலும்பும், தசையும், சில பல்கலைக்கழகங்களில் உண்மையான மனித உடலின் பாகங்களும் வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றிலும் ஓர் ஊசி குத்தியிருக்கும். மணி அடிக்கும், ஒரு நிமிடத்தை ஒட்டிய நேரத்துக்குள் அந்த நரம்பின் பெயரையோ தசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதையோ எழுத வேண்டும், மறுபடி மணி, அடுத்த மேசை. யோசிக்கவோ திரும்பி வரவோ வழியில்லை. உயர்பள்ளியில் 95 எடுத்த பிள்ளை முதல் முறை 60க்கு இறங்குவது இங்கே சாதாரணம்.

அடுத்த அதிர்ச்சி பயோமெக்கானிக்ஸ். பல பல்கலைக்கழகங்கள் கின்னுக்கு கிரேட் 12 பௌதிகம் கட்டாயம் என்று கேட்பதில்லை. அதனால் பிள்ளைகள் சந்தோஷமாக அதை விட்டுவிடுகிறார்கள். இரண்டாம் வருடத்தில் முழங்காலில் விழுகிற விசை எவ்வளவு, சுழல் திருப்பம் எவ்வளவு என்று கணக்குப் போடச் சொல்லும்போது முழி பிதுங்கும். வோட்டர்லூவில் பல ஆண்டுகள் இருந்த டேவிட் வின்டர், மனித நடையை விசையும் கோணமுமாகப் பிரித்து அளந்ததில் உலகறிந்த பெயர். அவர் வளர்த்த அந்தக் கணக்குமுறைதான் இன்று இளங்கலை ஆய்வுகூடங்களில் பிள்ளைகள் செய்கிற பயிற்சி. ஆகவே கட்டாயம் இல்லாவிட்டாலும் பௌதிகத்தை எடுக்கச் சொல்லுங்கள். கிரேட் 12இல் கினிசியோலொஜி அறிமுகம் என்றே ஒரு பாடம் இருக்கிறது. அது பிள்ளைக்கு இந்தத் துறை பிடிக்குமா என்று சோதித்துப் பார்க்க நல்லது. ஆனால் பௌதிகத்துக்கு மாற்று அல்ல.

ஆய்வுகூடம்தான் இந்தப் படிப்பின் ருசி. முகமூடி போட்டு ட்ரெட்மில்லில் ஓடவிட்டு உடல் உறிஞ்சும் ஒட்சிசனின் உச்ச அளவைப் பார்ப்பார்கள். நிலையான சைக்கிளில் 30 விநாடி முழு மூச்சாக மிதிக்கிற விங்கேட் சோதனை இருக்கிறது. முடிந்ததும் ஓரமாகப் போய் வாந்தி எடுப்பவர்கள் உண்டு. சோதனை செய்பவரும் மாணவர், சோதிக்கப்படுபவரும் மாணவர். புத்தகத்தில் படித்தது தன் சொந்தத் தொடையில் எரிகிறபோது மறக்காது.

ஓர் எச்சரிக்கை. இணையத்தில் தேடினால் “அப்ளைட் கினிசியோலொஜி” என்று ஒன்றும் வரும். கையை நீட்டச் சொல்லி அழுத்திப் பார்த்து, தசை தளர்ந்தால் உங்களுக்கு இன்ன உணவு ஆகாது என்று சொல்கிற முறை அது. 1964இல் டெட்ராய்டைச் சேர்ந்த ஜோர்ஜ் குட்ஹார்ட் என்ற கைரோபிராக்டர் (முதுகெலும்பைக் கையால் சரிசெய்கிறவர்) தொடங்கியது. சோதனைகளில் தேறாத சங்கதி. பல்கலைக்கழகக் கின்னோடு அதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

கின் மட்டும் முடித்தவரின் கையில்

இங்கே ஒன்ராறியோவுக்கு ஒரு தனிச் சாதகம் இருக்கிறது. 2007இல் இயற்றப்பட்ட கினிசியோலொஜி சட்டத்தின்படி, 2013 ஏப்ரல் 1 முதல் இது இங்கே ஒழுங்குபடுத்தப்பட்ட சுகாதாரத் தொழில். கனடாவிலேயே முதலாவதாக அப்படிச் செய்த மாகாணம் இது. நாலு வருடக் கின் பட்டம் முடித்து, பரீட்சை எழுதி, ஒன்ராறியோ கினிசியோலொஜிஸ்ட் கல்லூரியில் பதிந்துகொண்டால் பெயருக்குப் பின்னால் “ஆர்.கின்”, அதாவது பதிவுபெற்ற கினிசியோலொஜிஸ்ட், என்று போட்டுக்கொள்ளலாம். கல்லூரி என்றாலும் அது படிப்பிக்கிற இடம் இல்லை. தொழிலைக் கண்காணிக்கிற அமைப்பு. அதில் பதியாதவர் தன்னைக் கினிசியோலொஜிஸ்ட் என்று அழைத்துக்கொள்ள முடியாது.

முதுகலை எதுவும் இல்லாமல், இளங்கலையை மட்டும் வைத்துக்கொண்டு சட்டம் ஏற்கிற ஒரு சுகாதாரத் தொழிலுக்குள் போகலாம் என்பது சின்ன விஷயம் அல்ல. லைஃப் சயன்ஸ் முடித்தவருக்கு இப்படி ஒன்று கிடையாது.

ஆனால் அந்தச் சட்டம் கொடுக்காதது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். ஒன்ராறியோவில் ஆபத்தான சில மருத்துவச் செயல்களை இன்ன தொழிலினர்தான் செய்யலாம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் எதுவும் கினிசியோலொஜிஸ்டுக்கு ஒதுக்கப்படவில்லை. நோயாளிக்கு “உனக்கு இன்ன வியாதி” என்று நோயறிந்து சொல்வதும் அவர் வேலை அல்ல. அசைவை மதிப்பிடலாம், பயிற்சித் திட்டம் வகுக்கலாம், வேலைக்குத் திரும்ப உதவலாம்.

பணத்தில் இந்த வித்தியாசம் பச்சையாகத் தெரியும். மோட்டார் விபத்துக் காப்புறுதிக்கு 2014இல் ஒன்ராறியோவில் வந்த கட்டண வழிகாட்டியில், மிகப் பாரதூரம் அல்லாத காயங்களுக்கு ஒரு மணி நேர உச்ச வரம்பு பிசியோதெரபிஸ்டுக்கு 99.75 டொலர், கினிசியோலொஜிஸ்டுக்கு 58.19 டொலர். இதுவும் காப்புறுதி நிறுவனம் கிளினிக்குக்குக் கொடுக்கிற தொகை. ஊழியரின் கைக்கு வருவது அதிலும் குறைவு. வேலைத்தலக் காப்புறுதித் திட்டங்களிலும் பிசியோவுக்கு இடம் இருக்கும் அளவுக்குக் கினிசியோலொஜிஸ்டுக்கு இடம் இருப்பதில்லை. அதனால்தான் பல கிளினிக்குகளில் கின் பட்டதாரிகள் பிசியோவின் பக்கத்தில் நின்று, அவர் எழுதிக் கொடுத்த பயிற்சியைச் செய்விக்கிற உதவியாளராகவே ஆரம்பிக்கிறார்கள். அங்கேயே தங்கிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். நாலு வருடப் படிப்புக்கு அது குறைவு என்றுதான் நான் சொல்வேன்.

கிளினிக்கைத் தாண்டிப் பார்க்கிறவர்களுக்கு நிலைமை வேறு. ஏர்கொனமிக்ஸ் பக்கம் ஓர் உதாரணம். கேம்பிரிட்ஜ், அலிஸ்டன் பக்கத்துக் கார் தொழிற்சாலைகளில் ஒரு தொழிலாளி ஒரு ஷிப்டில் எத்தனை தடவை குனிகிறார், எவ்வளவு பாரம் தூக்குகிறார், அந்த மேசையை எவ்வளவு உயர்த்தினால் முதுகு தப்பும் என்று அளக்கிற வேலை இருக்கிறது. வேலையில் காயப்பட்டவரைப் படிப்படியாக வேலைக்குத் திருப்புகிற திட்டங்களிலும், காப்புறுதி நிறுவனங்களிலும், பெரிய வைத்தியசாலைகளின் ஊழியர் நலப் பிரிவுகளிலும் கின் பட்டதாரிகளைக் காணலாம். எங்கள் ஆட்களின் பட்டியலில் இந்த வேலைகள் வருவதே இல்லை. “கிளினிக் அல்லது ஒன்றுமில்லை” என்று நினைக்கிறோம்.

இன்னொன்று இதய மறுவாழ்வு. மாரடைப்பு வந்தவர் கட்டிலில் கிடக்க வேண்டும் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், ரொறன்ரோவைச் சேர்ந்த டொக்டர் டெரன்ஸ் கவானா தன் மாரடைப்பு நோயாளிகள் சிலரைப் பயிற்றுவித்து 1973இல் பொஸ்டன் மரதன் ஓட வைத்தார். அந்த மரபில் வந்த திட்டங்கள் இந்த நகரத்தில் இன்றும் இயங்குகின்றன. தெற்காசியரிடம் இதய நோயும் சர்க்கரை வியாதியும் அதிகம் என்பது ஊரறிந்த விஷயம். ஸ்காபரோவில் ஒரு 68 வயது அம்மாவிடம் “நெஞ்சு இறுக்கமா இருக்கா, இல்ல மூச்சு வாங்குதா?” என்று தமிழில் கேட்கத் தெரிந்த கினிசியோலொஜிஸ்டுக்கு, அதே பட்டம் பெற்ற மற்றவருக்கு இல்லாத ஒரு பெறுமதி இருக்கிறது. முதியவர்கள் விழாமல் இருக்க நடத்தும் பயிற்சி வகுப்புகளிலும் அப்படித்தான். தமிழை நேர்முகத்தில் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

கனடா உடற்பயிற்சி உடற்றொழிலியல் சங்கத்தின் மருத்துவப் பயிற்சி உடற்றொழிலியலாளர் சான்றிதழுக்கும் நாலு வருடப் பட்டம் அடிப்படை. நோயாளிகளோடு வேலை செய்ய விரும்பும் கின் மாணவர் அதையும் ஆர்.கின்னையும் சேர்த்தே எடுத்து வைத்திருப்பது புத்தி.

லைஃப் சயன்ஸ் பக்கம்

கின்னுக்கு நேரடிப் போட்டி இதுதான். பெற்றோருக்கு லைஃப் சயன்ஸ் என்ற பெயரே கனமாகத் தெரிகிறது. “டொக்டருக்குப் போகலாம்” என்ற கதவு அதில் திறந்திருப்பதாக ஒரு நம்பிக்கை. அந்தக் கதவு கின்னிலும் திறந்துதான் இருக்கிறது. மருத்துவக் கல்லூரிகள் பட்டத்தின் பெயரைப் பார்ப்பதில்லை. ஆனால் மருத்துவக் கல்லூரி நுழைவுக்கான எம்கட் பரீட்சைக்கு ஓர்கானிக் கெமிஸ்ட்ரி, பயோகெமிஸ்ட்ரி, பௌதிகம் எல்லாம் வேண்டும்; லைஃப் சயன்ஸில் இவை பாதையிலேயே வரும், கின்னில் தேடி எடுக்க வேண்டும். பார்மசி, பல் மருத்துவம் என்று நினைக்கிற பிள்ளைக்கும் இதே கதை. அப்படிப்பட்ட பிள்ளைக்கு லைஃப் சயன்ஸ் நேரான வழி என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பிசியோ என்று வந்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. ஒன்ராறியோவில் பிசியோ, ஒக்கியுபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்குகிற சிகிச்சை), பேச்சுச் சிகிச்சை, ஓடியோலொஜி (செவிப்புலன் சிகிச்சை) எல்லாவற்றுக்கும் ஓர்பாஸ் என்ற ஒரே விண்ணப்ப முறை. அங்கே புள்ளிக் கணக்கில் பெரிய எடை கடைசி இரண்டு வருடப் படிப்புக்கு. முதல் வருடத்தில் தடுக்கி விழுந்த பிள்ளைக்கு இது ஒரு பெரிய இரக்கம். ஆனால் அதன் மறுபக்கத்தைப் பாருங்கள்: மூன்றாம், நாலாம் வருடத்தில் பிள்ளை என்ன பாடம் எடுக்கிறது என்பதுதான் தலைவிதி. கின் மாணவருக்கு அந்த வருடங்களில் வருவது முதுமையும் உடற்பயிற்சியும், விளையாட்டுக் காயங்கள், நரம்பியல் மறுவாழ்வு போன்றவை. பிடித்ததைப் படிக்கிறபோது புள்ளி ஏறும். லைஃப் சயன்ஸ் மாணவர் அதே நேரத்தில் மூலக்கூற்று உயிரியலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். பிசியோப் படிப்புகள் பெரும்பாலும் கேட்கிற அனட்டமி, உடற்றொழிலியல், புள்ளிவிவரவியல், உளவியல் எல்லாம் கின்னில் தானாகவே வந்துவிடும். லைஃப் சயன்ஸில் ஒவ்வொன்றாக இடம் தேட வேண்டும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் நகர வளாகத்தில் முதல் வருட விஞ்ஞானப் பாடங்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் உட்காரும் கொன்வகேஷன் மண்டபத்தில் நடப்பது பிரபலம். முதல் வருடம் முடிந்து எந்தத் துறைக்குள் போவது என்பதற்கே மறுபடி ஒரு போட்டி. அதே பல்கலைக்கழகத்தின் கின் பீடம் சின்னது. பேராசிரியருக்குப் பிள்ளையின் பெயர் தெரிய வாய்ப்பு இருக்கிறது. பின்னாளில் பரிந்துரைக் கடிதம் கேட்கப் போகும்போது இதன் அருமை தெரியும்.

என் அளவுகோலில் வைத்தால் இங்கே கின்தான் முன்னால் நிற்கிறது. அடுத்த கதவு திறக்காத லைஃப் சயன்ஸ் பட்டதாரியின் கையில் உரிமம் தரும் தொழில் எதுவும் இல்லை. ஆய்வுகூட வேலை, மருந்து நிறுவனங்கள், இன்னொரு கல்லூரிச் சான்றிதழ் என்று புதிதாகத் தொடங்க வேண்டும்.

தாதியியல்

தாதியியலோடு ஒப்பிட்டால் கின் தோற்கிறது. வேலை உறுதி, சம்பளம், தொழிற்சங்கம், ஓய்வூதியம், எந்த நாட்டுக்கும் எடுத்துப் போகக்கூடிய தொழில் என்று எதில் பார்த்தாலும் நாலு வருடத்தில் கிடைக்கிற மிகப் பலமான சுகாதாரப் பட்டம் அதுதான். என்.சி.எல்.இ.எக்ஸ் என்ற தாதியர் உரிமப் பரீட்சையில் தேறினால் அடுத்த மாதமே வேலை தேடலாம். என் அளவுகோலுக்குப் பதிலே தேவையில்லாத படிப்பு: அங்கே இரண்டாவது கதவு என்ற கேள்வியே எழாது.

அப்படியானால் ஏன் எல்லோரையும் அங்கே அனுப்பக் கூடாது? வேலை வேறு. இரவு ஷிப்ட், இரத்தம், மலசலம், சாவு, ஒரே நேரத்தில் ஐந்தாறு நோயாளிகள். ஒருவரோடு முக்கால் மணி நேரம் இருந்து தோளை மெல்ல மெல்ல உயர்த்த வைக்கிற வேலையை விரும்பிய பிள்ளை, இதில் இரண்டே வருடத்தில் வெந்துபோகலாம். “பிசியோவும் நேர்ஸும் ஒன்றுதானே, இரண்டும் ஆஸ்பத்திரிதானே” என்று பெற்றோர் தள்ளுவதை நான் ஏற்பதில்லை. அதே நேரம், பிள்ளைக்கு வேலைத்தலம் பற்றித் தெளிவான விருப்பம் எதுவும் இல்லை, நோயாளிகளோடு இருந்தால் போதும், குடும்பத்துக்குச் சீக்கிரம் வருமானமும் வேண்டும் என்றால் சுற்றிவளைக்காமல் தாதியியல் என்பேன்.

கின்னில் சேர்ந்த பிறகும் இந்தக் கதவு மூடிவிடுவதில்லை. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் தாதியியல் பட்டம் பள்ளியிலிருந்து நேரே எடுப்பதே இல்லை. குறைந்தது இரண்டு வருடப் பல்கலைக்கழகப் படிப்பு முடித்தவர்களை எடுத்து, இரண்டு வருடத்தில் முடிக்கிறது. யோர்க்கிலும் இரண்டாவது பட்டமாகப் படிக்கலாம்.

இரண்டு வருட டிப்ளோமா

இதை எங்கள் வீடுகளில் சொன்னால் முகம் மாறும். கல்லூரி என்றாலே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காதவர் போகிற இடம் என்ற எண்ணம் போகவில்லை. ஆனால் பிசியோதெரபி மற்றும் ஒக்கியுபேஷனல் தெரபி உதவியாளர் டிப்ளோமா இரண்டே வருடம். ஸ்காபரோவின் சென்டெனியல் கல்லூரியிலேயே இருக்கிறது. படிப்புக்குள்ளேயே வைத்தியசாலைப் பயிற்சி. கிளினிக்கில் உதவியாளர் வேலைக்குக் கின் பட்டதாரியும் இந்த டிப்ளோமாக்காரரும் ஒரே நாற்காலிக்குப் போட்டி போடுகிற காட்சி சாதாரணம். அந்த நாற்காலிக்காகவே படிக்கப்பட்டது டிப்ளோமா என்பதால் வைத்தியசாலைகள் பல நேரம் அதையே கேட்கின்றன.

புத்தகத்தோடு அவ்வளவு ஒட்டாத, ஆனால் கையால் வேலை செய்கிற, ஆட்களோடு பழகத் தெரிந்த பிள்ளைக்கு இது நல்ல வழி. பிறகு மனம் மாறினாலும் முழுக்க வீண் இல்லை. கல்லூரி டிப்ளோமாவிலிருந்து கின் பட்டத்துக்குப் பாலம் வைத்திருக்கிற பல்கலைக்கழகங்கள் உண்டு, ஒஷாவாவின் ஒன்ராறியோ டெக் அதில் ஒன்று. ஆனால் பிசியோ முதுகலைதான் இலக்கு என்று உறுதியாக இருக்கிற பிள்ளையை இங்கே தொடங்கச் சொல்ல மாட்டேன். அது சுற்றுவழி.

வெளிநாட்டில் நேரே பிசியோ

இங்கிலாந்தில் பிசியோ இளங்கலை பொதுவாக மூன்று வருடம், அவுஸ்திரேலியாவில் நாலு. தமிழ்நாட்டில் பி.பி.டி. என்ற படிப்பு இதுவரை நாலு வருடமும் ஆறு மாதப் பயிற்சியும் என்று இருந்தது. பஃபலோவில் எல்லைக்கு அப்பால் மூன்று வருட முனைவர் மட்டப் படிப்பு. கனடாவில் இடம் கிடைக்காத பிள்ளைகளும், ஆறு வருடம் காத்திருக்க விரும்பாதவர்களும் இந்த வழிகளைப் பார்க்கிறார்கள். அம்மம்மா சென்னையில் இருக்கிறார், சாப்பாட்டுக்குப் பிரச்சினை இல்லை, ஐந்து வருடத்தில் பிசியோவாகத் திரும்பலாம் என்று கணக்கு அழகாக இருக்கும்.

திரும்பி வரும்போதுதான் செலவு தொடங்குகிறது. வெளிநாட்டில் படித்தவரின் படிப்பைக் கனடாவின் பிசியோ ஒழுங்குபடுத்துநர் கூட்டமைப்பு பாடம் பாடமாக எடைபோடும். மேற்பார்வையில் செய்த மருத்துவப் பயிற்சி மட்டும் 1,025 மணி நேரம் காட்ட வேண்டும். குறைந்தால் இங்கே வந்து பாலப் படிப்பு. எல்லாம் சரியானால்தான் தேசியப் பரீட்சை. இதை எல்லாம் கடந்து வந்து நல்ல பிசியோவாக இருப்பவர்கள் ஒன்ராறியோவில் நிறையப் பேர். ஆனால் அவர்களில் பலர் அந்த நாட்டிலேயே பிறந்து, படித்து, வேலையும் செய்துவிட்டுக் குடிபெயர்ந்தவர்கள். அனுபவம் அவர்களுக்குக் கைகொடுத்தது. இங்கே வளர்ந்து 18 வயதில் அங்கே போய், அனுபவம் இல்லாமல் 23இல் திரும்புகிற பிள்ளையின் நிலை அது அல்ல.

இங்கிலாந்து, அவுஸ்திரேலியா பட்டங்களின் பாடத்திட்டம் கனடாவுக்கு நெருக்கம் என்பதால் சிக்கல் குறைவு. வெளிநாட்டு மாணவர் கட்டணம்தான் இடிக்கும். ஒன்ராறியோவில் உள்ளூர் மாணவருக்குக் கட்டணத்தை 2019இல் 10 வீதம் குறைத்தார்கள். அண்மைய ஆண்டுகளில் கின் படிக்க ஆண்டுக்கு ஏறத்தாழ 6,000 முதல் 8,000 டொலர், அதற்கும் ஓ.எஸ்.ஏ.பி. என்ற மாகாண மாணவர் நிதியுதவி உண்டு. வெளிநாட்டில் ஒரு வருடத்துக்குக் கட்டுகிற பணத்தில் இங்கே நாலு வருடமும் முடிந்துவிடலாம். என் யோசனை, முதல் முயற்சியாக இதை வைக்காதீர்கள். இங்கே கின் முடித்து, ஓர்பாஸில் இரண்டு முறை முயன்று, அதற்குப் பிறகும் பிசியோதான் என்று பிள்ளை நின்றால் வெளிநாட்டைப் பார்க்கலாம். அப்போது பிள்ளைக்கு வயதும் வந்திருக்கும், விட்டுவந்த இடத்தில் ஒரு பட்டமும் இருக்கும்.

சரி, கின் என்றால் எங்கே?

எல்லாக் கின்னும் ஒன்றல்ல. பெயரைப் பார்த்து முடிவெடுக்காமல், வகுப்பறைக்கு வெளியே எத்தனை மாதம் வேலைப் பயிற்சி தருகிறார்கள் என்று பாருங்கள்.

அந்த விஷயத்தில் வோட்டர்லூ தனி. 1967இல் உலகின் முதலாவது கினிசியோலொஜித் துறையைத் தொடங்கியவர்கள் தாங்களே என்று சொல்லிக்கொள்கிற இடம் அது. அதைவிட முக்கியம் அங்கே கோ-ஒப் இருப்பது. நாலு மாதம் படிப்பு, நாலு மாதம் சம்பளத்தோடு வேலை என்று மாறி மாறிப் போகும். முடிக்க ஐந்து வருடத்தை ஒட்டி ஆகும். பதிலுக்கு, பட்டம் வாங்குகிற நாளில் பிள்ளையின் கையில் கிளினிக், தொழிற்சாலை, வைத்தியசாலை என்று வெவ்வேறு வேலைத்தல அனுபவம் இருக்கும். பிசியோ பிடிக்குமா, ஏர்கொனமிக்ஸ் பிடிக்குமா என்று 20 வயதில் தெரிந்துவிடும். நான் கைகாட்டினால் முதலில் இதைத்தான் காட்டுவேன். வீட்டை விட்டுப் போக வேண்டும் என்பது ஒரு செலவு. சில பிள்ளைகளுக்கு அதுவே ஒரு படிப்பு.

யோர்க் பெரிய கூட்டம், ஆனால் அங்கே அத்லெட்டிக் தெரபிக்கு ஒரு சான்றிதழ் வழி இருக்கிறது. மைதானத்தில் விளையாட்டு வீரர் விழுந்ததும் ஓடிப்போய்ப் பார்க்கிறாரே, அந்த வேலை. ஷெரிடன் கல்லூரியில் அது தனிப் பட்டமாகவே உண்டு. விளையாட்டு அணிகளோடு பயணம் செய்ய வேண்டும் என்று கனவு காண்கிற பிள்ளை பிசியோவை விட இதைத்தான் தேடுகிறது, பெயர் தெரியாததால் பிசியோ என்று சொல்கிறது. வார இறுதியெல்லாம் மைதானத்தில் கழியும் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் 2014இல் திறந்த கோல்ட்ரிங் விளையாட்டு மையத்தின் வசதிகள், வைத்தியசாலைகளின் அருகாமை, பிறகு அங்கேயே கினிசியோலொஜியில் தொழில்முறை முதுகலை. மக்மாஸ்டரில் பிசியோ, ஒக்கியுபேஷனல் தெரபி படிப்புகள் பக்கத்திலேயே இருப்பதால் ஆராய்ச்சிக்குத் தொற்றிக்கொள்ள வாய்ப்பு. ஏஜக்ஸ், விற்பி, பிக்கறிங் பிள்ளைகளுக்கு ஒன்ராறியோ டெக் வீட்டிலிருந்தே போய்வரக்கூடியது. யோர்க்குக்கு ஸ்காபரோவிலிருந்து பஸ்ஸில் போய்வருகிற நேரத்தையும் கூட்டிப் பாருங்கள். காலை எட்டரை ஆய்வுகூடத்துக்காக ஆறு மணிக்கு எழும்புகிற பிள்ளைக்கு மாலையில் தன்னார்வ வேலைக்குப் போக உயிர் இருக்காது.

எங்கே சேர்ந்தாலும் முதல் வருடத்திலேயே செய்ய வேண்டிய ஒன்று, விருப்பப் பாடங்களை யோசித்து எடுப்பது. ஆசிரியராகும் எண்ணம் ஓரமாக இருந்தால்கூட உடற்கல்வியோடு கற்பிக்கக்கூடிய இரண்டாவது பாடம் ஒன்று சேர்ந்திருக்க வேண்டும். பிரெஞ்சோ கணிதமோ என்றால் பள்ளிகள் கையேந்தி நிற்கின்றன. மருத்துவம் ஓரமாக இருந்தால் ஓர்கானிக் கெமிஸ்ட்ரி. இரண்டாவது பட்டமாகத் தாதியியல் என்றால் அந்தப் பீடம் கேட்கிற பாடங்களை முன்கூட்டியே பார்த்துவைக்க வேண்டும். நாலாம் வருடத்தில் இவற்றைத் துரத்தினால் ஒரு வருடம் கூடுதலாகும், அதற்கு ஓ.எஸ்.ஏ.பி. கடனும் கூடும். முதல் செப்டெம்பரில் பாடங்களைப் பதியும்போது பிள்ளையோடு கூட உட்கார்ந்து இந்த மூன்றையும் கேட்டுவிடுங்கள்.